பாலம் இறங்கும் இடம்

நொச்சிக்குளத்தின் குறுக்கே பாலம் வரப்போகிறது என்று ராஜபாண்டிக்கு முதலில் சொன்னது அவருடைய தங்கை மொக்கம்மாள்தான். சின்னமனூர் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, ஹைவேஸ்காரவுக வந்து அளந்துட்டுப் போறாக. பாலம் மட்டும் வந்துருச்சுன்னா உன் வீட்டுக்குக் கால்மணி நேரத்துல நடந்தே வந்துருவேன், பாத்துக்க."

"வா, வா. வந்து என்னத்தச் செய்யப்போற? உன் மதினியோட சண்டை போடுவ."

மொக்கம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அண்ணனும் தங்கையும் ஒரே குளத்தின் இரண்டு பக்கம் இருந்தார்கள். கிழக்கே நல்லூத்துப்பட்டி. பஸ் ஓடும் ரோடு, மேல்நிலைப் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். மேற்கே மலையடிவாரத்தில் மேலப்பரவு. இருநூறு வீடுகள், கொஞ்சம் வாழைத் தோட்டம், மிச்சமெல்லாம் மானாவாரிப் புஞ்சை. காலையில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். அப்படி ஒரு ஜீப்பை ஓட்டும் வைகுண்டராஜுக்குத்தான் மொக்கம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரே மகள் ஓவியா, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் குளம் வற்றிக் கிடந்தால் மேலப்பரவுக்காரர்கள் குளத்துக்குள்ளேயே நடந்து வந்துவிடுவார்கள். தண்ணீர் நின்றுவிட்டால் கரையைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர். அதில் பாதி, மழை பெய்தால் ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்று சொல்லும் மண்ரோடு.

மொக்கம்மாள் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் மேலப்பரவில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். வார்டு உறுப்பினராக நின்றபோது எதிர்த்து நிற்கக்கூட ஆள் இல்லை. பாலம் வேண்டும் என்று நான்கு வருடமாக மனு மேல் மனு கொடுத்தவள் அவள்தான்.

ராஜபாண்டி குளத்துப் பாசன விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். முந்நூற்று இருபது ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தது. சங்கத்தின் கைக்குப் பாலத்தின் வரைபடம் வந்து சேர்ந்த அன்று அவர் முகம் மாறிவிட்டது. நானூறு மீட்டர் நீளத்தில் நடுவே நூற்றைம்பது மீட்டர்தான் தூண் மேல் போகிறது. இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி மேடு கட்டி அதன் மேல் ரோடு. வடக்கே வரத்துக் கால்வாய் வந்து விழுகிறது. தெற்கே மடை இருக்கிறது. குறுக்கே மண்மேடு எழுந்தால் குளம் இரண்டாகப் பிரிந்துவிடும். வண்டல் வடக்கிலேயே தங்கும். ஐந்து வருடத்தில் இரண்டாம் போகம் என்ற பேச்சே இருக்காது.

இதை அவர் ஊருக்கு எடுத்துச் சொன்னார். சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் நியாயம் பத்து வாய் மாறும்போது வேறாகிவிடுகிறது. "மேலப்பரவுக்காரங்களுக்கு நம்ம தண்ணி மேல கண்ணு" என்று இங்கே பேசினார்கள். "நாங்க செத்தாலும் அவிங்களுக்கு நெல்லு வெளஞ்சாப் போதும்" என்று அங்கே பேசினார்கள். மேலப்பரவிலிருந்து சொசைட்டிக்கு வந்துகொண்டிருந்த பால் வேறு ஊருக்குப் போனது. நல்லூத்துப்பட்டி டீக்கடையில் மேலப்பரவு ஆட்கள் உட்கார்வதை நிறுத்தினார்கள்.

அண்ணனும் தங்கையும் மட்டும் பேச்சை விடவில்லை. ஓவியாவின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். ராஜபாண்டியின் மனைவி மகாலட்சுமியின் முட்டி வலியைப் பற்றிப் பேசினார்கள். பாலத்தைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் நல்லூத்துப்பட்டி சமுதாயக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கோட்டாட்சியர் மேடையில் இருந்தார். இரண்டு ஊரும் வந்து நிறைந்துவிட்டதால் பாதிப் பேர் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ராஜபாண்டி பேசினார். வரைபடத்தை விரித்துக் காட்டி, எந்த மடைக்கு எத்தனை ஏக்கர் என்று சொல்லி, நிதானமாகத்தான் பேசினார். அவர் பக்கத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

பிறகு மொக்கம்மாள் எழுந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"எங்க அண்ணன் சொன்னது அம்புட்டும் உண்மை சார்," என்று ஆரம்பித்தாள். கூட்டம் அதை எதிர்பார்க்கவில்லை. "தண்ணி இல்லைன்னா அவுகளுக்குச் சோறு இல்லை. ஆனா எங்க ஊருல போன ஐப்பசியில ஒரு பிள்ளைக்குப் பாம்பு கடிச்சு, கரையச் சுத்திக் கொண்டாரதுக்குள்ள கால் போச்சு. இப்ப ஏழாவது படிக்கிறா. அவளப் பள்ளிக்கூடத்துக்கு அவுக அப்பந்தேன் தூக்கிட்டு ஒம்பது கிலோமீட்டர் வாராரு. நாங்க மண்ணு கொட்டச் சொல்லலை சார். நானூறு மீட்டரையும் தூண் மேலயே கொண்டாங்க. தண்ணி அது பாட்டுக்கு அடியில போகட்டும், நாங்க எங்க பாட்டுக்கு மேல போறோம். செலவு கூடும்னு ஆபீஸ்ல சொல்லுவாக. ரெண்டு ஊரும் சேந்து கேட்டா ஏன் தரமாட்டாக? எங்க அண்ணன் மொதக் கையெழுத்துப் போடட்டும், ரெண்டாவது நான் போடுறேன்."

கோட்டாட்சியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நல்லூத்துப்பட்டி ஆட்களிலேயே இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அவள் சொன்னது சரி என்று ராஜபாண்டிக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் ஏழு மாதமாக ஊரைக் கூட்டி நடத்தியவர் அவர். பின்னாலிருந்து சங்கத்து ஆள் காமராஜ் அவர் தோளைத் தொட்டு, "என்னண்ணே, தங்கச்சி மொத்தத்தையும் தூக்கிட்டுப் போகுது, நீங்க பாத்துக்கிட்டு இருக்கீக," என்றான். ராஜபாண்டி எழுந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்காமலேயே எழுந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அந்தக் கரையில பாலம் எறங்குற எடத்துல ஒரு ஏக்கரு இருவது செண்டு நெலம் இருக்கு. அது யாரு பேருல இருக்குன்னு அந்தம்மாட்ட கேளுங்க. பாலம் வந்தா அது செண்டு என்ன வெலைக்குப் போகும்னும் கேளுங்க."

அந்த நிலம் மொக்கம்மாள் பேரில் இருந்தது. அப்பா இறந்தபின் அவளுடைய பங்காக, உத்தமபாளையம் பத்திர ஆபீசுக்கு அவளைக் கூட்டிப்போய் எழுதிக்கொடுத்தவரே ராஜபாண்டிதான். கடலை போட்டால் விதைக்கடலை தேறாத புஞ்சை. அதற்காக அவள் பாலம் கேட்கவில்லை என்பது இந்த உலகத்தில் யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

யாரோ பலமாகச் சிரித்தார்கள். "அதான பாத்தேன்" என்று ஒரு குரல். அந்தக் குரல் மேலப்பரவு ஆட்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது.

"ஏம்மா, அது உங்க நிலமா?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

மொக்கம்மாள் அண்ணனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. பிறகு, "ஆமா சார், என்னோடதுதேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே மேலப்பரவு ஆட்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதத்தில், உள்ளூர் மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லாததால் திட்டம் கைவிடப்படுகிறது என்று கடிதம் வந்தது. நல்லூத்துப்பட்டியில் வெடி வெடித்தார்கள். ராஜபாண்டிக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்தவருக்கு மகாலட்சுமி சோற்றைப் போட்டாள்.

"குளத்தக் காப்பாத்திட்டீக, சரி," என்றாள் தட்டை எடுக்கும்போது. "கூடப் பொறந்தவள ஊரு சிரிக்க வச்சுட்டு வந்துருக்கீகளே, அதுக்கும் சேத்துத்தேன் சால்வையா?"

"அரசியல்ல அப்படித்தேன் பேசவேண்டியிருக்கும். அவளுக்குப் புரியும்," என்றார்.

தை வந்தது. வருடம் தவறாமல் தங்கைக்குக் கொண்டுபோகிற பொங்கல் சீரைக் கட்டிக்கொண்டு, கரும்பைப் பைக்கில் பக்கவாட்டில் சாத்தி, கரையைச் சுற்றிப் போனார். வைகுண்டராஜ் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார்.

"வாங்க மச்சான். அவ தோட்டத்துக்குப் போயிருக்கா."

மொக்கம்மாளின் செருப்பு வாசல்படியில் கிடந்தது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டது. ராஜபாண்டி கேட்காதவர் மாதிரிக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த தையிலும் அப்படித்தான் நடந்தது.

இரண்டாவது தை முடிந்து வாழை வெட்டுக்கு ஜெய்லானி வந்திருந்தார். உத்தமபாளையத்து வாழைக்காய் வியாபாரி. இரண்டு கரையிலும் அவருக்குக் கொள்முதல் உண்டு. ஆட்கள் தார்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்க, வரப்பில் நின்றுகொண்டே ராஜபாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாய், மேலப்பரவுக்குப் போறீகளே. என் தங்கச்சி எப்படி இருக்கா?"

ஜெய்லானி பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"ஒண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது. சொல்ல மாட்டேன்னு அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா என்னால வச்சுக்கிற முடியல."

"சொல்லுங்க."

"அந்த ஒரு ஏக்கரு இருவது செண்டையும் ரோட்டுக்கு எனாமா எழுதித் தர்றேன்னு அக்கா ஹைவேஸ் ஆபீஸ்ல லெட்டர் குடுத்துருச்சுண்ணே. கூட்டத்துக்கு ஒரு மாசத்துக்கு முந்தியே. கம்பத்துல டைப் அடிக்கக் கூட்டிட்டுப் போனது நாந்தேன். சாட்சிக் கையெழுத்தும் என்னோடது."

ராஜபாண்டிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல? அந்த லெட்டரைக் காட்டியிருந்தா என் வாயி மூடியிருக்குமே!"

"நானும் அதேதேன் கேட்டேன். வெளிய வரும்போது, இப்பவே போயிச் சொல்லுக்கான்னேன். 'எங்க அண்ணன் எந்திரிச்சு நின்னு அப்படிக் கேட்டுட்டாக. நான் லெட்டரை நீட்டுனா அம்புட்டுப் பேருக்கு முன்னால அவுக பொய் சொன்ன ஆளாயிருவாக. எங்க அய்யா இருந்த எடத்துல இருக்காக, வேணாம்'னுச்சு. நீங்க அப்பால போயிட்டீக. அக்கா அந்த ஒன்பது கிலோமீட்டரும் என் லாரியிலதேன் வந்துச்சு. வழி பூரா சன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்துச்சு."

அன்று இரவு ராஜபாண்டி சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே தேனிக்குப் பஸ் ஏறினார். ஹைவேஸ் ஆபீசில் இரண்டு மேஜை மாற்றி அனுப்பிய பிறகு ஒரு பெண் அலுவலர் பழைய பைலைத் தேடி எடுத்தார். அந்தக் கடிதம் அதில் இருந்தது. மொக்கம்மாளின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் போட்ட அதே உருண்டைக் கையெழுத்து.

"முழுசாத் தூண் மேலயே பாலம் கட்டணும்னு நான் மனு குடுக்குறேன்ம்மா. எதுத்த சங்கத்துச் செயலாளரே நாந்தேன். நானே கேட்டா நடக்குமா?"

"அந்த நிதி வேற வேலைக்குப் போயிடுச்சே சார். இனிமே முதல்லருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு கிராமத்துலயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அனுப்பி வைக்கிறேன். எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வந்து சங்கத்தைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். அவரைப் பேசவிட்டார்கள். முடிந்ததும் காமராஜ், "வயசாயிருச்சு, தங்கச்சி பாசம் வந்துருச்சு," என்றான். மறு மாதம் செயலாளர் பதவிக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.

ஆவணியில் ஓவியாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாய்மாமனை அழைக்கத் தாம்பூலத் தட்டோடு தங்கை வருவாள் என்று ராஜபாண்டி ஒரு வாரம் வெளியூர் போகாமல் இருந்தார். ஸ்கூட்டியில் ஓவியா மட்டும் வந்தாள். முகத்தில் புழுதி.

"அம்மா வரல மாமா. அப்பா எஸ்டேட் ட்ரிப்புக்குப் போயிருக்காரு. நான் கூப்புட்டா வருவீகதான?" என்று கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. மணப்பெண்ணே வந்து தாய்மாமனைக் கூப்பிடும் வழக்கம் எங்கும் கிடையாது. அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூப்புடலைன்னாலும் வந்துருப்பேன் ஆத்தா. வாசல்ல நின்னுட்டாவது போயிருப்பேன்."

கல்யாண மண்டபத்தில் சீர்த்தட்டுகளோடு அவரும் மகாலட்சுமியும் உள்ளே நுழைந்தபோது மொக்கம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"வாங்கண்ணே. வாங்க மதினி. மேடைக்குப் போங்க."

பிறந்ததிலிருந்து அவள் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்லில் ராஜபாண்டி தடுமாறிவிட்டார். பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்தார், தாய்மாமன் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார். பந்தி முடியும் நேரத்தில் அவளைத் தனியாகப் பிடித்தார்.

"மொக்கம்மா, ஜெய்லானி சொல்லிட்டாரு. நான் செஞ்சது பெரிய தப்பு. இப்பவே மைக்கப் பிடிச்சுச் சொல்லவா? சொல்லிருறேன்."

"கல்யாண வீட்டுல அது எதுக்குண்ணே," என்றாள் அவள். கோபம் இல்லை. "பாலம் வேணாம்னு நீங்க சொன்னதுக்கு எனக்கு வருத்தமே கெடையாது. உங்களுக்கு உங்க வயலு. ஆனா எங்க ஊருச் சனம் நீங்க சொன்னத நம்பிருச்சு. கூடப் பொறந்த அண்ணனே சொல்றாருன்னா பொய்யாவா இருக்கும்னு நம்பிருச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட மனு எழுத வரல. ரேஷன் கார்டுக்குப் பேரு சேக்கக்கூட வரல." யாரோ கூப்பிட்டார்கள். "சாப்புட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை மேலப்பரவு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ராஜபாண்டி அங்கே போய் எழுந்து நின்றார். பதினைந்து இருபது பேர்தான் இருந்தார்கள். மொக்கம்மாள் வரவில்லை. தேனியில் வாங்கிவந்திருந்த கடித நகலைக் காட்டி, தான் தெரிந்தே பழி போட்டதைச் சொன்னார். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் நாகராஜ் என்ற பெரியவர், "சரிப்பா, சொல்லிட்டீக. இப்பச் சொல்லி என்ன செய்ய? அடுத்த விசயத்தப் பேசுவோம்," என்றார். தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அதன்பிறகு ராஜபாண்டி கையெழுத்து வாங்கக் கிளம்பினார். தன் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். 'மண்மேடு இல்லாமல், முழு நீளமும் தூண்களின் மேல்' என்று மனுவில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு பேர் போட்டார்கள். திட்டி அனுப்பியவர்கள் அதைவிட அதிகம். மேலப்பரவில் நூற்றுப் பதினேழு.

மார்கழியில் ஒரு சாயங்காலம் மனுவை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். குளம் நிறைந்து கிடந்தது. மொக்கம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்து, மனுவை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "சர்வே நம்பர் தப்பா இருக்குண்ணே. எழுவத்தாறு பை ரெண்டு பி," என்றாள். உள்ளே போய்ப் பேனா கொண்டுவந்து அவளே திருத்தினாள்.

"மொதக் கையெழுத்து எடத்த உனக்குத்தேன் விட்டுருக்கேன் தாயி. போட்டுரு."

மொக்கம்மாள் அந்த வெற்றுக் கோட்டைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"வேணாண்ணே. நான் போட்டா மனுதேன் கெடும்."

"ஏன்? நீ ஆரம்பிச்சதுதான இது?"

"பழையபடி நெலத்துக்காகத்தேன் போடுறான்னு ரெண்டு ஊரும் பேசும். உங்க ஊருல நாப்பத்தொரு பேரு போட்டுருக்காக, அதுவும் போயிரும். என் பேரு இல்லாம இருக்குறதுதேன் பாலத்துக்கு நல்லது. இந்தக் கோட்டுல வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

அவள் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, ஈரம் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இருட்டப்போகுது. கரையில பள்ளம் நெறையக் கெடக்கு, பாத்துப் போங்க."

அந்த வெற்றுக் கோட்டில் மறுநாள் ராஜபாண்டி தன் பெயரை எழுதினார். மனுவைத் தேனியில் கொடுத்து ரசீது வாங்கி ஏழு மாதமாகிறது. பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறார். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.